'வின்டர்' என்று பெயர் வைத்துவிட்டு வின்டரை எங்கே வைத்தார்கள்?

கேள்வி, ஜூன் 3

சிண்ட்ரெல்லா முதலான தேவதைக் கதைகளை, நிலவும் பூமியும் மோதும் எதிர்காலத்தில் வைத்துச் சொல்லும் மரிஸ்ஸா மேயரின் 'லூனார் கிரானிக்கிள்ஸ்' நாவல் வரிசையை முடித்துவிட்டேன். சிண்டர், ஸ்கார்லெட், கிரெஸ் மூன்றும் பிடித்தன. கடைசிப் புத்தகம் 'வின்டர்' மட்டும் ஏமாற்றம். ஸ்னோ ஒயிட் கதையைப் புதிதாகச் சொல்கிறார்களாம். 800 பக்கத்துக்கு மேல் ஓடுகிறது, ஆனால் முழுக்க முழுக்க நிலவின் ராணி லெவானாவுக்கு எதிரான சிண்டரின் புரட்சி. ஸ்னோ ஒயிட்டான இளவரசி வின்டர் வருகிற பக்கங்களைக் கிழித்து எடுத்தாலும் கதை நிற்காது. பழைய கதை இங்கே அட்டைக்கு மட்டும்தான் பயன்பட்டிருக்கிறது என்கிறேன். யாராவது மறுக்க முடியுமா?


ஜூன் 3, இரவு

முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் இப்போதே வெளியேறிவிடுங்கள். கீழே எதையும் மறைக்கப் போவதில்லை.

பாதி ஒப்புக்கொள்கிறேன். புரட்சி சிண்டருடையது, சிம்மாசனம் சிண்டருடையது, கடைசி மோதலும் அவளுடையதுதான். சிண்டர், காய், ஸ்கார்லெட், வுல்ஃப், கிரெஸ், தோர்ன், ஐகோ, ஜேசின், வின்டர் என்று ஒன்பது பேர் இடித்துக்கொண்டு நிற்கும் மேடையில், கடைசியாக ஏறியவளுக்கு ஓரம்தான் கிடைக்கும். ஆனால் "கிழித்து எடுத்தாலும் நிற்காது" என்பது எனக்கு ஒத்துவரவில்லை. புத்தகம் கையில் இல்லாமல் வாதாட மனமில்லை. நாளை.


ஜூன் 4

புத்தகம் கிடைத்தது. பழைய கதையின் எலும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன்.

வேடன். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஸ்னோ ஒயிட் கதையில் ராணி வேடனை அனுப்பி, சிறுமியின் நுரையீரலையும் கல்லீரலையும் கொண்டுவரச் சொல்கிறாள். அவன் ஒரு காட்டுப்பன்றிக் குட்டியைக் கொன்று அதனுடையதைக் கொடுக்கிறான். ராணி அதை உப்புப்போட்டு வேகவைத்துத் தின்கிறாள். மேயரிடம் வேடன் ஜேசின், அரண்மனைக் காவலன், வின்டரோடு வளர்ந்தவன். பன்றிக்குட்டியின் இடத்தில் ரியூ, அரண்மனை விலங்குக்கூடத்து வெள்ளை ஓநாய். வின்டர் நேசித்த விலங்கு அது. அவளைக் காப்பாற்ற அவளுக்குப் பிரியமானதையே கொல்கிறான். பழைய கதையில் அந்தப் பன்றிக்குட்டிக்காக யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. இங்கே நான் விட்டேன்.

ஆப்பிள். இதுதான் என் வாதத்தின் முதல் கல். கிரிம் கதையில் ராணி செய்யும் ஆப்பிள் பாதி வெள்ளை, பாதி சிவப்பு. விஷம் சிவப்புப் பக்கத்தில் மட்டும். வெள்ளைப் பக்கத்தை அவள் தானே கடித்துக் காட்டி நம்பவைக்கிறாள். மேயரின் ராணி லெவானா கிழவி வேடத்தில் வந்து ஆப்பிள் சுவை மிட்டாய் தருகிறாள். உள்ளே இருப்பது லெட்டுமோசிஸ். எந்த நோய்? முதல் புத்தகத்தில் பியோனியைக் கொன்ற அதே நோய். சிண்டரை உண்மையாக நேசித்த ஒரே மாற்றாந்தாய் மகள் செத்துப்போனாளே, அது. பூமியை மிரட்டி, சிண்டரின் காதலனான பேரரசன் காயைக் கல்யாணத்துக்கு இழுக்க லெவானா கையில் வைத்திருந்ததும் அந்த நோய்க்கான மருந்தைத்தான்.

2012 ஜனவரியில் வந்த புத்தகத்தில் பரவிய நோய், 2015 நவம்பரில் வந்த புத்தகத்தில் மிட்டாய்க்குள் இருக்கிறது. அட்டைக்கு மட்டும் பயன்பட்ட கதைக்கு இத்தனை நீளமான வேர் இருக்காது.


ஜூன் 4, பின்னும் கொஞ்சம்

குள்ளர்கள் எங்கே என்று கேட்டவருக்கு: நிலவின் சுரங்கத் தொழிலாளர்கள். ஏழு பேர் என்று எண்ணித் தேடாதீர்கள், நான் தேடி நொந்துபோனேன். நோயில் விழுந்தவளை அவர்கள் கண்ணாடி மூடிய தொட்டியில் கிடத்துகிறார்கள். உயிரோட்டத்தை உறையவைக்கும் தொட்டி. கண்ணாடிப் பெட்டியும் வந்தாயிற்று.


ஜூன் 6

மந்திரக் கண்ணாடி எங்கே என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அதற்குத்தான் இரண்டு நாள் அசைபோட்டேன்.

லெவானா கண்ணாடி பார்ப்பதில்லை. அரண்மனையில் அவள் முகம் தெரியும் எதையும் விட்டுவைப்பதில்லை. திரையில் பேச நேர்ந்தால் முகத்திரை அணிகிறாள். முதல் புத்தகத்திலேயே இதெல்லாம் வந்துவிடுகிறது. அப்போது, வில்லிக்கு ஏதோ ஒரு கிறுக்கு வேண்டுமே என்று வைத்ததாக நினைத்துக் கடந்துபோனேன். காரணம் எளிது. நிலவுக்காரர்கள் எதிரில் இருப்பவரின் மூளையைத் தொட்டுத்தான் மாயத்தோற்றம் காட்டுகிறார்கள். கண்ணாடிக்கு மூளை கிடையாது. கேமராவுக்கும் கிடையாது. அவற்றிடம் மாயம் செல்லாது.

சிண்டரைப் பாருங்கள். அவள் பாதி இயந்திரம். எதிரில் இருப்பவர் பொய் சொன்னால் பார்வை ஓரத்தில் ஆரஞ்சு விளக்கு எரியும். மாயத்தோற்றத்தைத் தாண்டி உண்மை முகத்தைக் காணும் கண். கண்டதைப் பதிவும் செய்யும். கடைசிப் புத்தகத்தில் லெவானாவின் தழும்பேறிய முகம் மக்கள் முன் வருவது அந்தப் பதிவால்தான்.

அதாவது சிண்டர்தான் கண்ணாடி.

இதைப் பிடித்த பிறகு கேள்வி கேட்டவரின் குற்றச்சாட்டு எனக்குத் தலைகீழாகிவிட்டது. பழைய கதையில் ராணியை நிம்மதியாக இருக்கவிடாதவர்கள் இருவர். ஒன்று, அவளை விட அழகான பெண். இன்னொன்று, அதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்லும் கண்ணாடி. பெண்ணைக் கொல்ல ஆள் அனுப்புகிறாள். கண்ணாடியை உடைக்க அவளுக்கு ஏனோ தோன்றவே இல்லை. மேயரின் ராணி இரண்டையும் ஒழிக்கப் பார்க்கிறாள். சின்னக் குழந்தையாக இருந்தபோது எரித்துக் கொல்லப் பார்த்த அக்காள் மகள் சிண்டர்தான் பின்னால் கண்ணாடியாகத் திரும்பி வருகிறாள். சிண்டரின் பக்கங்கள் ஸ்னோ ஒயிட்டை விழுங்கிவிட்டன என்கிறீர்கள். அந்தப் பக்கங்களே ஸ்னோ ஒயிட்தான் என்கிறேன் நான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பழைய கண்ணாடி ராணியிடம் மட்டும், தனி அறையில், அவள் கேட்டால்தான் பேசும். இது ஊர் பார்க்கப் பேசுகிறது. லெவானாவுக்கு அது சொல்லும் சேதி எதுவும் புதிதில்லை. தன் முகம் எப்படி இருக்கிறது என்று அவளுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை ஆட்சியும்.


ஜூன் 6, மதியம்

"ரொம்ப யோசிக்கிறீர்கள், எழுதியவரே இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்" என்று ஒரு பதில். இருக்கலாம். அதற்காக நான் குறைத்து யோசிக்க முடியாதே.


ஜூன் 7

"மருந்து கொடுத்து எழுப்புகிறார்கள், முத்தம் இல்லை, மூலக்கதைக்குத் துரோகம்" என்று மேலே ஒருவர் கொதித்திருக்கிறார். ஐயா, மூலத்திலும் முத்தம் இல்லை. அது 1937இல் டிஸ்னி படத்தில் வந்தது. குள்ளர்களுக்குப் பெயர்கூட கிரிம் கதையில் கிடையாது.

கிரிம் கதையில் நடப்பது இது. இளவரசன் கண்ணாடிப் பெட்டியைக் குள்ளர்களிடம் கேட்டுப் பெற்றுக்கொண்டு போகிறான். தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இடறுகிறார்கள், குலுக்கலில் தொண்டையில் இருந்த ஆப்பிள் துண்டு வெளியே வந்துவிழுகிறது, அவள் எழுந்து உட்காருகிறாள். 1812இல் வந்த முதல் பதிப்பு இன்னும் வேடிக்கை. இளவரசன் போகும் இடமெல்லாம் பெட்டியும் கூடவே போக வேண்டும். தூக்கித் தூக்கிச் சலித்த வேலைக்காரன் ஒருவன், செத்த பெண்ணுக்காக நாள் முழுக்க இந்தப் பாடா என்று அவளைத் தூக்கி நிறுத்தி முதுகில் ஓர் அறை விடுகிறான். துண்டு வெளியே வந்துவிடுகிறது. உலகப் புகழ்பெற்ற காதல் கதை முதுகில் விழுந்த அறையால் முடிகிறது.

அதோடு ஒப்பிட்டால், ஜேசினும் கிரெஸ்ஸும் அரண்மனை மருத்துவக் கூடத்துக்குள் நுழைந்து மருந்தை எடுத்துவருவது எவ்வளவோ மரியாதையான ஏற்பாடு.


ஜூன் 9

வின்டரைப் பற்றியே இன்னும் பேசவில்லை.

பழைய ஸ்னோ ஒயிட் என்ன செய்கிறாள்? ஓடுகிறாள், வீடு பெருக்குகிறாள், கதவைத் திறக்கிறாள், விழுகிறாள். மறுபடி கதவைத் திறக்கிறாள், மறுபடி விழுகிறாள். முதலில் நாடா, பிறகு சீப்பு, மூன்றாவதாக ஆப்பிள். கதை தொடங்கும்போது அவளுக்கு ஏழு வயது என்பதால் மன்னித்துவிடலாம். ஆனால் அவளுடைய நல்ல குணம் என்று கதை காட்டுவது, எதையும் செய்யாமல் இருப்பதைத்தான்.

மேயர் அந்தச் செய்யாமையை எடுத்து ஒரு செயலாக்கியிருக்கிறார். வின்டருக்கும் மனங்களை வளைக்கும் சக்தி உண்டு. சிறுமியாக இருக்கும்போது, சாகத் துணிந்த ஒரு பணிப்பெண்ணின் மனத்தை மாற்றிக் காப்பாற்றிவிட்டதாக மகிழ்கிறாள். அவளை எது அந்த முடிவுக்குத் தள்ளியதோ அது அப்படியே இருக்கிறது. பிறகு ஒருநாள் அந்தப் பெண் செத்தே போகிறாள். அன்றிலிருந்து வின்டர் சக்தியைத் தொடுவதில்லை. தொடாமல் இருப்பதற்கு அவள் தரும் விலை அவளுடைய புத்தி. சக்தியை அடக்கிவைக்கும் நிலவுக்காரர்களுக்குப் பிரமை பிடிக்கும். சுவர்களில் ரத்தம் வழிவதைக் காண்கிறாள். உடம்பு பனிக்கட்டியாக உறைவதை உணர்கிறாள். புத்தகத்தின் முதல் அத்தியாயமே அப்படித்தான் ஆரம்பிக்கிறது, நடக்கும் விசாரணைக்கு நடுவே கால்விரல்கள் பனிக்கட்டியாகிவிட்ட ஒரு பெண்ணோடு.

கன்னத்தில் மூன்று தழும்பு. லெவானா அவள் கையாலேயே கீறவைத்தது. லெவானா தன் தழும்பை மறைக்கத் தினம் தினம் ஒரு நாட்டையே ஏமாற்றுகிறாள். இவள் தழும்போடு நடக்கிறாள், அப்படியும் மக்கள் இவளைத்தான் அழகி என்கிறார்கள். கண்ணாடி "நீ இல்லை, அவள்தான்" என்று சொல்வதற்கு இதைவிடக் கூரான வடிவம் இருக்க முடியுமா?

கடைசியில் அவளும் சக்தியை எடுக்கிறாள். லெவானாவின் வலது கையான ஏமரியைக் கொல்ல ஸ்கார்லெட்டின் உடம்பைத் தன் வசமாக்குகிறாள். தோழியின் கையால் கொலை. அதற்குப் பிறகு அவள் உடைந்துபோவதை ஆசிரியர் அவசரப்பட்டு ஒட்டவில்லை. அந்தப் பக்கங்களையா கிழிக்கச் சொல்கிறீர்கள்?


ஜூன் 11

ஒருவர் எழுதியிருப்பதில் நியாயம் இருக்கிறது. "பிரமையை அழகாக்கிவிட்டார்கள். நோயைக் கிறுக்குத்தனமான வசீகரமாகக் காட்டுகிறார்கள்."

எனக்கு நெருங்கிய ஒருவர் இல்லாததைக் கண்டு நடுங்கிய நாட்களைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதில் வசீகரம் ஒன்றும் இல்லை. சோர்வு உண்டு, சந்தேகம் உண்டு, ராத்திரி முழுக்க விளக்கெரியும். வின்டர் பேச்சுவாக்கில் சம்பந்தமில்லாமல் ஏதாவது சொல்லி, சுற்றி நிற்பவர்கள் விழிக்கும் இடங்களில் எனக்கும் சங்கடமாக இருந்தது. சிரிக்கச் சொல்லிக் கொடுத்த குறிப்பு போலப் பட்டது.

ஆனால் ஜேசின் நடந்துகொள்ளும் விதம் எனக்குச் சரியாகப் பட்டது. அவன் அவளோடு மல்லுக்கு நிற்பதில்லை. முடியும்வரை கூடவே இருக்கிறான். அதைத் தெரியாமல் எழுத முடியாது என்று நினைக்கிறேன். இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன. இதில் எந்தப் பக்கம் எடை கூடுகிறது என்று இன்னும் முடிவுசெய்யவில்லை.


ஜூன் 12

'ஃபேரஸ்ட்' எப்போது படிப்பது என்ற கேள்வி. அது லெவானாவின் முன்கதை, 2015 ஜனவரியில், 'கிரெஸ்'ஸுக்கும் 'வின்ட'ருக்கும் நடுவில் வந்தது. வந்த வரிசையிலேயே படியுங்கள். நான் அதைத் தவிர்த்துவிட்டு நேராக 'வின்டர்' போனேன், பிறகு திரும்பினேன். முன்கதை தெரிந்த பிறகு லெவானாவின் ஒவ்வொரு காட்சியும் வேறாகிவிட்டது. அதற்காகவே 'வின்ட'ரை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.


ஜூன் 14

"சிண்ட்ரெல்லாவுக்கும் பெய்ஜிங்குக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டவருக்காகக் கொஞ்சம் தடம் மாறுகிறேன்.

சிண்டர் வாழும் ஊர் நியூ பெய்ஜிங். சம்பந்தம் இருக்கிறது. எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சிண்ட்ரெல்லாக் கதைகளில் ஒன்று சீனத்தினுடையது. யெ ஷியன் என்ற பெண். மாற்றாந்தாய் அவளுடைய மீனைக் கொன்று தின்றுவிடுகிறாள், மீனின் எலும்புகள் அவளுக்குக் கேட்டதைத் தருகின்றன, திருவிழாவில் தங்கச் செருப்பு ஒன்று தவறிவிடுகிறது. துவான் செங்ஷி என்பவர் 9ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தது. பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவின் கண்ணாடிச் செருப்பு 1697இல்தான் வருகிறது. ஆகவே சிண்டரை நியூ பெய்ஜிங்கில் வைத்ததை, பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியதாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நகரம் எழுத்தில் உயிரோடு இல்லை. சந்தை, அரண்மனை, மின்தூக்கி. பெயர்ப்பலகையை மாற்றினால் எந்த நகரமும் ஆகிவிடும். அந்தக் குறை எனக்கு முதல் புத்தகத்திலிருந்தே உண்டு.

செருப்பு விஷயத்தில் மட்டும் மேயருக்கு முழு மதிப்பெண். கிரிம் கதையில் சகோதரிகள் செருப்புக்காகக் காலை வெட்டிக்கொள்கிறார்கள், ஒருத்தி கட்டைவிரலை, இன்னொருத்தி குதிகாலை. சிண்டரின் உலோகக் கால் சிறு வயதில் பொருத்தியது, இப்போது அளவு போதவில்லை. அரண்மனைப் படிக்கட்டில் கழன்று விழுவது செருப்பில்லை, அந்தப் பாதமே.

இந்த வரிசை முழுக்க இதே தச்சு வேலைதான். 'கிரெஸ்'ஸில் ரபுன்செலின் கோபுரம் செயற்கைக்கோளாகிறது. முடி நீளமாக இருப்பதற்குக் காரணம், அவளிடம் வெட்டும் கருவி எதுவும் இல்லை. கிரிம் கதையில் கோபுரத்திலிருந்து விழும் இளவரசனுக்குக் கண் போகிறது, கிரெஸ்ஸின் ஜோடி தோர்னுக்கும் செயற்கைக்கோள் விழும்போது போகிறது. கதைப்பொருள் ஒன்று இயந்திரமாக மாறி, தனக்கென்று ஒரு காரணத்தோடு நிற்கும் இடத்தில் எல்லாம் மேயர் ஜெயிக்கிறார். மாறாமல் அப்படியே வரும் இடத்தில் சறுக்குகிறார். 'வின்ட'ரில் கிழவி வேடம் அப்படி ஒன்று. ஒரு சூரிய மண்டலத்தையே மிரட்டும் ராணி, எத்தனையோ அடியாட்கள் இருக்க, தானே கூடையோடு வருவாளா? பழைய கதையில் வந்தாள், அதனால் இவளும் வருகிறாள். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.


ஜூன் 14, இரவு

கிளைக்கு ஒரு கிளை: மேயர் நாவலாசிரியர் ஆவதற்கு முன் 'செய்லர் மூன்' என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின் கதாபாத்திரங்களை வைத்து ரசிகர் கதைகள் எழுதிக்கொண்டிருந்தவர். நிலவு ராஜ்ஜியம், தொலைந்த இளவரசி, பூமியின் அரசன் எல்லாம் எங்கிருந்து முளைத்தன என்று இனி யாரும் கேட்க வேண்டாம். 'சிண்ட'ரின் முதல் வரைவு 2008இல், நவம்பர் மாதத்துக்குள் நாவல் எழுதும் அந்தச் சவாலில் பிறந்தது. அதைப் படித்த கையோடு நானும் ஒரு நவம்பரில் ஆரம்பித்தேன். தலைப்பு நன்றாக வந்திருந்தது.


ஜூன் 19

லெவானாவின் முடிவு "சப்பென்று போய்விட்டது" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் முதல் வாசிப்பில் அப்படித்தான் பட்டது. கிரிம் கதையின் ராணிக்குக் கிடைத்த தண்டனையோடு வளர்ந்தவர்களுக்கு வேறெதுவும் போதாது. ஸ்னோ ஒயிட்டின் கல்யாணத்துக்கு வருகிறாள், நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டிவிடுகிறார்கள், செத்து விழும்வரை ஆட வேண்டும். அதைக் கேட்டுவிட்டு சிண்டரின் கையால் சட்டென்று சாவதைப் படித்தால் கை அரிக்கத்தான் செய்யும்.

'ஃபேரஸ்ட்' படித்த பிறகு ஒன்று கண்ணில் பட்டது. நெருப்பு காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. லெவானா குழந்தையாக இருக்கும்போது அவளுடைய அக்காள் சானரி, மனத்தை வளைக்கும் சக்தியாலேயே அவளை எரியும் அடுப்புக்குள் முகம் வைக்கச் செய்கிறாள். பழைய கதையில் ராணிக்கு நெருப்பு கடைசியில் வருகிறது, இங்கே முதலிலேயே வந்துவிட்டது. தண்டனை முன்கூட்டியே கொடுக்கப்பட்டு, அதன் பிறகு அவள் குற்றவாளி ஆகிறாள்.

இது அவளை மன்னிக்கும் வேலையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எவ்ரெட் ஹெயிலுக்கு அவள் செய்ததைப் படித்தவர்கள் மன்னிக்க மாட்டார்கள். செத்துப்போன மனைவியின் முகத்தையே போட்டுக்கொண்டு போய் அவன் மனத்தைக் கலக்கிக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அவனுடைய மகள்தான் வின்டர். இந்தப் பெண் வளர வளர யாருடைய முகம் அதில் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். தான் மாயத்தால் போட்டுக்கொண்ட முகத்தை இன்னொருத்தி பிறவியிலேயே வைத்திருக்கிறாள். "உலகிலேயே அழகி யார்" என்ற கேள்வி எவ்வளவு சொந்த விஷயமாகிவிட்டது!

இதே இடத்தில் கிரிம் சகோதரர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லப் பார்ப்பவள் மாற்றாந்தாய் இல்லை, பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் தாயைப் பிரசவத்தோடு சாகவிட்டு மாற்றாந்தாயைக் கொண்டுவந்தார்கள். பெற்றவள் பிள்ளையைக் கொல்லும் கதையைக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது என்ற கூச்சம். அவர்கள் ஆளை மாற்றிச் சமாளித்தார்கள். மேயர் ஆளை மாற்றாமல் முன்கதை கொடுத்திருக்கிறார்.


ஜூன் 20

"எல்லோருக்கும் ஜோடி, எல்லோரும் உயிரோடு, யாரும் விலை கொடுக்கவில்லை" என்பவர்களுக்கு: வுல்ஃபை மறந்துவிட்டீர்களா? அம்மா மாஹாவை வருஷக்கணக்கில் பிரிந்திருந்து, இப்போதுதான் பார்க்கிறான். பார்த்த வேகத்தில் இழக்கிறான். பிறகு அவனைப் பிடித்துப்போய் உடம்பையும் முகத்தையும் விலங்குப் படைவீரனாக மாற்றிவிடுகிறார்கள். அது கடைசிப் பக்கத்திலும் சரியாவதில்லை. ஸ்கார்லெட் அந்த முகத்தைத்தான் ஏற்றுக்கொள்கிறாள். அழகையே மையமாக வைத்த கதையில், மாயம் கலைந்து இளவரசனாக மாறாத ஓநாய். அதைக் கவனிக்காமல் தாண்டக் கூடாது.

ஜோடிகள் விஷயத்தில் எனக்கும் அலுப்பு உண்டு, மறைக்கவில்லை. நான்கு ஜோடி, நான்கும் நடுவில் பிரிந்து மறுபடி சேர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தப்பித்தல், ஒரு பிடிபடல். 800 பக்கம் ஆனதற்குக் காரணம் அதுதான். நடுப்பகுதியில் யார் எந்தச் சிறையில் இருக்கிறார்கள் என்று நானே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு பிடிபடலை வெட்டியிருந்தால் வின்டருக்கு இடம் கிடைத்திருக்கும். கேள்வி கேட்டவரே, இந்த இடத்தில் உங்கள் பக்கம் வந்துவிட்டேன், மகிழுங்கள்.


ஜூன் 27

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "கண்ணாடி வாதம் நன்றாக இருக்கிறது, ஆனால் கண்ணாடி ராணியாகிறதே, அது எந்தத் தேவதைக் கதையில்?" என்று கேட்டிருக்கிறார். நல்ல உதை.

எந்தக் கதையிலும் இல்லை. அதனால்தானோ என்னவோ, சிம்மாசனத்தில் ஏறிய பெண் அதில் தங்கப் போவதில்லை என்கிறாள். நிலவின் முடியாட்சியையே கலைத்துக் குடியரசாக்கும் எண்ணத்தைக் காயிடம் சொல்கிறாள். "தொலைந்த வாரிசு திரும்பினாள், நாடு செழித்தது" என்று முடிக்கத்தான் நான்கு புத்தகமும் வழி போட்டிருந்தன. மனத்தை வளைக்கத் தெரிந்த ஒரு குடும்பத்திடம் நாட்டை விட்டுவைக்க முடியாது என்பது, அந்தக் குடும்பத்தில் பிறந்தவளுக்கே தெரிகிறது.

ஆனால் அது சில பக்கப் பேச்சாக நின்றுவிடுகிறது. புரட்சிக்குக் கொடுத்த பக்கங்களில் கால்வாசி இதற்குக் கிடைத்திருக்கலாம். ராணியை இறக்குவது எப்படி என்று விலாவாரியாகச் சொன்னவர்கள் ராணியே இல்லாமல் இருப்பது எப்படி என்பதை ஒரு உரையாடலில் முடித்துக்கொண்டார்கள்.


ஜூலை 2

'ஸ்டார்ஸ் அபவ்' வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு. 2016இல் வந்த சிறுகதைத் தொகுப்பு. கடைசிக் கதையில் ஸ்கார்லெட்டுக்கும் வுல்ஃபுக்கும் கல்யாணம், எல்லோரும் கூடுகிறார்கள். 'வின்ட'ரின் முடிவு அவசரமாக இருந்தது என்பவர்கள் அதையாவது படியுங்கள். சின்னக் கடற்கன்னியை ஆண்ட்ராய்டாக, அதாவது மனித உருவ இயந்திரமாக, வைத்து ஒரு கதை இருக்கிறது, என் பார்வையில் தொகுப்பிலேயே அதுதான் நன்றாக வந்தது. மற்றதெல்லாம் ரசிகர்களுக்கு.

சிண்டரின் ஆண்ட்ராய்டுத் தோழி ஐகோவுக்காக மட்டும் இந்த வரிசையைப் படித்தோம் என்பவர்கள் (இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், தெரிகிறது) 'வயர்ஸ் அண்ட் நெர்வ்' பக்கம் போங்கள். படக்கதை, இரண்டு பாகம், அவள்தான் நாயகி. தேவதைக் கதை எதையும் தழுவியதில்லை, ஆகவே கண்ணாடி எங்கே, குள்ளர்கள் எங்கே என்று யாரும் என்னிடம் வர மாட்டீர்கள்.